எஞ்சின் நின்றபோது யாரைக் கூப்பிட்டீர்கள்?

பழைய கடல் விமானம் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் ஒருவரை எப்படிக் கௌரவிக்கிறார்கள் என்று கனடாவில் பார்த்த பிறகுதான், எங்கள் ஊர்ப் பொன்னாடை விழாக்களில் எனக்குப் பொறுமை குறைந்தது. திருகோணமலையில் விழாக்களுக்குக் குறைவில்லை. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடியும்போது வெயில் ஏறியிருக்கும். அப்புறம் நேரமில்லை என்று கௌரவம் பெறுபவர்களை வரிசையாக மேடையில் ஏற்றி, ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு கேடயம், ஒரு படம். அவர் அப்படி என்னதான் செய்தார் என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. போர்த்துகிறவருக்கும் பல நேரம் தெரியாது.

ஒன்ராறியோவில் ஒரு ஏரிக்கரை ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நெடுங்காலம் தகடு வேலை பார்த்தேன். விமானத்தின் அலுமினியத் தோலைக் கழற்றுவது, அரித்த இடத்தை வெட்டி எடுப்பது, புதிய தகட்டை ரிவெட் அடிப்பது, இவைதான் என் வேலை. அங்கே வந்துபோன விமானங்களில் எனக்குப் பிடித்தது சீபீ என்ற சின்னக் கடல் விமானம். பார்க்க அழகான விமானம் என்று சொல்ல முடியாது. முன்பக்கம் பருத்து, வால் பக்கம் மெலிந்து, எஞ்சினை முதுகில் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். மூக்கில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து நின்று கயிறு கட்டலாம், மனம் இருந்தால் தூண்டிலும் போடலாம். பேர்சிவல் ஸ்பென்சர் என்பவருடைய வடிவமைப்பு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தண்டர்போல்ட் போர் விமானங்களைக் கட்டிய ரிபப்ளிக் கொம்பனி, யுத்தம் முடிந்ததும் வீடு திரும்பும் விமானிகள் எல்லோரும் ஆளுக்கொரு விமானம் வாங்குவார்கள் என்று நம்பி இதைச் செய்தது. முதலில் அறிவித்த விலை 3,500 டொலர். அந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை, ஏற்றிக்கொண்டே போனார்கள், எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை. 1947இல் உற்பத்தியை நிறுத்தியபோது 1,060 விமானங்கள் வெளியே வந்திருந்தன. அதே ஆண்டில், அதற்கு 215 குதிரைவலு பிராங்ளின் எஞ்சின் செய்துகொடுத்த கொம்பனியை டக்கர் என்ற கார்க்காரர் தன் காருக்காக வாங்கிவிட்டார். ஆக, விமானம் செய்தவரும் இல்லை, எஞ்சினில் அக்கறை உள்ளவரும் இல்லை. வாங்கியவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்க்க வேண்டியதாயிற்று.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவற்றில் சில பறக்கின்றன என்றால் சில மனிதர்கள்தான் காரணம். ஒருவர் கடையில் கிடைக்காத ஒரு துண்டை வீட்டு லேத்தில் கடைந்து கொடுப்பார். ஒருவர் எண்ணெய்க் கறை பிடித்த பழைய கைந்நூல்களைத் திருப்பித் தட்டச்சு செய்து வைத்திருப்பார். இன்னொருவர் 1,060 விமானத்தில் எந்த வரிசை எண் எந்த நாட்டில் இருக்கிறது, எது எந்த ஏரியில் மூழ்கியது என்று எழுதிக்கொண்டே இருப்பார். புதிதாக வாங்கியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கப் பழக்குகிற கிழவர் ஒருவரும் இருப்பார். எஞ்சின் நின்றால் சீபீ மிதந்துகொண்டு இறங்காது, வேகமாகக் கீழே வரும். அதைப் பழகாமல் தனியே ஏறக் கூடாது.

கோடையில் ஏரிக்கரையில் கூடும்போது இவர்களில் ஒருவரைக் கௌரவிப்பார்கள். பிரதம விருந்தினர் கிடையாது. அவரால் பயன்பெற்ற ஒருவர் எழுந்து நிற்பார். எந்த ஆண்டு, எந்தத் துண்டு உடைந்தது, இவர் என்ன செய்தார், அதன் பிறகு அந்த விமானம் எங்கெல்லாம் போனது என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். பிறகு கௌரவம் பெற்றவர் எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துப் பாடம் எடுப்பார். கைதட்டுவதைவிடக் குறிப்பு எழுதுகிறவர்கள்தான் அதிகம். பட்டியல் போடும் குழுவில் இருப்பவர் பெயர் அந்தப் பட்டியலில் வரக் கூடாது என்பது அவர்களுடைய எழுதாத சட்டம். இது ஒன்றை மட்டும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டால் பாதி விழா நடக்காது.

ஊருக்குத் திரும்பி வந்தபின், திருக்கடலூர்ப் பக்கத்து இளம் படகுக்காரர் சிலர் பழைய எஞ்சின் மெக்கானிக்குகளைக் கௌரவிக்க வேண்டும் என்று பேச்செடுத்தபோது எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வந்தது. சீபீ வைத்திருப்பது காசுக்காரர்களின் ஆசை, இங்கே எஞ்சின் ஓடினால்தான் அடுப்பெரியும், இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழைய இயந்திரம், கிடைக்காத சாமான், உப்புத் தண்ணீர், விஷயம் தெரிந்த சில பேர் என்ற நான்கும் இரண்டு இடத்திலும் உண்டு.

பெடியளுக்குக் கடல் விமானக் கதையே முதலில் பிடித்துக்கொண்டது. சீனக்குடாவில் இன்று சுற்றுலாக்காரரை இறக்கிவிடுகிற சின்ன செஸ்னா விமானங்களைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே சீனக்குடாவில் 1942 ஓகஸ்டில், ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக்காரரைக் கொண்டு பிரித்தானிய விமானப்படையின் 321ஆம் படைப்பிரிவை மீண்டும் அமைத்தார்கள், அவர்கள் கற்றலினா என்ற பறக்கும் படகுகளை ஓட்டினார்கள் என்று சொன்னேன். அந்த ஆண்டு ஏப்ரல் 9இல் ஜப்பான்காரர் குண்டு போட்டதை ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், கற்றலினாவைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. "அதில வேலை செய்த எங்கட ஆக்கள் ஆர் அங்கிள்?" என்று ஒருவன் கேட்டான். விமானிகளின் பெயர்கள் தேடினால் கிடைக்கின்றன. எரிபொருள் ஏற்றியவர், கயிறு பிடித்தவர் என்று எங்கள் ஊர்ப் பெயர் ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு பெடியள் வேலையில் கொஞ்சம் தீவிரமானார்கள்.

முதல் கூட்டத்திலேயே பட்டியல் தயாராகிவிட்டது. சங்கத்தில் பதவியில் இருந்தவர்கள், கோவிலுக்கு நன்கொடை கொடுத்தவர், ஒரு கடைக்காரர், கடைசியில் ஒரே ஒரு மெக்கானிக். அதை மடித்து வைத்துவிட்டு, படகு வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்வியோடு போகச் சொன்னேன்: "கடலுக்குள்ள எஞ்சின் நிண்டபோது கரையில ஆரைக் கூப்பிட்டீங்கள்?" யார் சிறந்த மெக்கானிக் என்று கேட்டால் சொந்தக்காரன் பெயர் வரும், சாதி வரும், சமயம் வரும். நடுக்கடலில் நின்ற நாளைக் கேட்டால் உண்மையான பெயர் வருகிறது. திருக்கடலூரில் கேட்டதற்கு மூதூர் முஸ்லிம் நானா ஒருவரின் பெயர் வந்தது. கிண்ணியாவில் கேட்டதற்குத் திருக்கடலூர் ஐயாவின் பெயர் வந்தது. சிங்களப் படகுக்காரர்களும் அந்த இரண்டு பெயரையே சொன்னார்கள். இன்னொன்றையும் கவனித்தோம். பலர் மெக்கானிக்கின் பெயரைச் சொல்லிவிட்டு, "சாமானுக்கு அந்த அக்காட்டத்தான் போவம்" என்று சேர்த்துச் சொன்னார்கள்.

அந்த அக்கா ஒரு நட்டைக்கூடக் கழற்றியவரில்லை. கணவர் எஞ்சின் திருத்துகிறவர், காலமாகிவிட்டார். கழித்துப்போட்ட எஞ்சின்களிலிருந்து அவர் எடுத்து வைத்த சாமான்களை அக்கா பழைய இரும்புக்கு நிறுத்து விற்கவில்லை. பால்மா பேணிகளில் பிரித்துப் போட்டு, எந்த மொடலின் கியர் எந்த மொடலுக்குப் பொருந்தும், எதைக் கொஞ்சம் ராவினால் சரிவரும் என்று ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கணவர் வாயால் கேட்டது, படகுக்காரர் திரும்பி வந்து சொன்னது, எல்லாம் அதில் இருக்கிறது. கனடாவில் வரிசை எண் எழுதுகிற மனிதரை எனக்குத் தெரிந்திருந்ததால் இந்தக் கொப்பியின் பெறுமதி உடனே தெரிந்தது. ஆனால் "அவ மெக்கானிக் இல்லையே" என்று எங்கள் குழுவிலேயே முணுமுணுப்பு வந்தது. அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகு அடங்கியது.

அடுத்தது அவர்கள் சொல்வதை எழுதி எடுப்பது. உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வயதானவர் முன்னால் போனை நீட்டினால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மேடைத் தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறார். நாங்கள் ஒரு பழைய மண்ணெண்ணெய் எஞ்சினைக் கழற்றி, மீனவர் கொட்டிலான வாடிக்குள் பலகையில் பரப்பி வைத்தோம். ஐயா வந்து பார்த்ததும் கை தானாகப் போயிற்று. "இதை ஆர் இப்பிடி இறுக்கினது?" என்று தொடங்கியவர் மத்தியானம்வரை நிறுத்தவில்லை. மண்ணெண்ணெயில் ஓடி வருகிற எஞ்சினைக் கரை கிட்டும்போது பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும் என்றார். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும், எஞ்சினில் பூட்டியிருக்கிற துத்தநாகக் கட்டிக்கு ஒருநாளும் பெயின்ற் அடிக்கக் கூடாது என்றார். அந்தக் கட்டி அரித்துப் போகப் போகத்தான் அலுமினியம் தப்பும், பெயின்ற் அடித்தால் கட்டி அப்படியே இருக்கும், எஞ்சின் போய்விடும். இதையே ஹேங்கரில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டிப் படிப்பித்தார்கள். ஐயா படத்தைப் பார்த்தவரில்லை, அரித்த எஞ்சினைப் பார்த்தவர்.

சுனாமிக் கதையைத்தான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் கேட்டேன்.

"சுனாமி நேரம் எத்தினை எஞ்சினை ஐயா தப்ப வைச்சீங்கள்?"

"எண்ணினதார் தம்பி. சனம் எஞ்சினைத் தூக்கி வெயில்ல காய வைச்சுது. காய விடாதையுங்கோ எண்டு கத்திக்கொண்டு திரிஞ்சன். விசர் எண்டு நினைச்சாங்கள்."

அவர் சொன்னதுதான் சரியான வேலை. கடலில் மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்தால், உப்பும் ஈரமும் காற்றும் சேர்ந்து சில மணி நேரத்திலேயே உள்ளே துருவைத் தொடங்கிவிடும். உடனே கழற்ற வசதி இல்லாவிட்டால் நல்ல தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்தி வைத்திருப்பதே மேல். காற்றுப் படாவிட்டால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஓடுகிறதா பார்ப்போம் என்று கயிற்றை இழுப்பது அதைவிட மோசம், உள்ளே போன மணல் சிலிண்டரைக் கீறிவிடும். ஆனால் கரையோரக் கிணறெல்லாம் கடல் புகுந்து உப்பாகிப்போன நேரம் அது. ஐயா ட்ராக்டரில் பீப்பாய்களை ஏற்றி கடல் எட்டாத உள்பக்கத்து ஊருக்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். எஞ்சின்களைப் பீப்பாய்களில் இறக்கி, உரிமையாளர் பெயரைக் கம்பியில் கட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தினார். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரால் கழுவி, மண்ணெண்ணெயால் கழுவி, ஒயில் விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றி, பெயரிங் கரகரக்கிறதா என்று காது வைத்துக் கேட்டு. உரிமையாளர் உயிரோடு இல்லாத எஞ்சின்களையும் திருத்திப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார். அந்த நாள்களில் யாரிடமும் காசு வாங்கவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். கேட்டபோது அவர், "சிலரிட்ட வாங்கினனான், இருக்கிறவையிட்ட" என்றார். எழுதும்போது அவர் சொன்னபடியே எழுதினோம்.

பாராட்டுக் குறிப்பு எழுதுவதற்குத்தான் அதிக நேரம் போனது. வழக்கமான நடையில், "மீனவர் சமூகத்துக்கு அளப்பரிய சேவையாற்றிய செம்மல்" என்று எழுத ஐந்து நிமிடம் போதும். அதை யாருக்கும் மாட்டிவிடலாம். நாங்கள் போட்டது இப்படி: "2004 டிசம்பர் 26க்குப் பிறகு, மூழ்கிய எஞ்சின்களைக் காய விடாமல் நல்ல தண்ணீருக்குள் வைத்துக் காத்து, ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தவர்." நானாவுக்கு, தேய்ந்துபோன புஷ்களைப் பித்தளையில் கடைந்து கொடுத்தது, எஞ்சினுக்குப் புதுத் தலை வாங்க வழியில்லாதவனைக் கடலுக்கு அனுப்பியது. அக்காவுக்கு, கொப்பி. ஒவ்வொரு வரியையும் சொன்ன ஆளிடமும் இன்னொருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்தினோம். பெயரையும் தலைப்பெழுத்தையும் அவர்களுடைய அடையாள அட்டையைப் பார்த்தே எழுதினோம். பெயர் பிழைத்த கேடயத்தை அலுமாரிக்குள் முகம் திருப்பி வைத்திருக்கிற வீடுகள் இந்த ஊரில் உண்டு.

எழுதி முடித்ததை முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டினோம். இதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன். பெரிய குதிரைவலு எஞ்சின்களுக்குக் கட்டுப்பாடு இருந்த உள்நாட்டு யுத்த காலத்தில் எஞ்சின் திருத்துகிறவன் எல்லாப் பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கதை ஒன்றை எங்களுக்குச் சொன்ன ஒருவர், வாசிக்கக் கேட்டதும் கையை உயர்த்தி, "அது வேண்டாம், எடுத்துவிடுங்கோ" என்றார். எடுத்துவிட்டோம். நல்ல கதை என்று பெடியளுக்கு மனவருத்தம். கதை அவருடையது.

நாள் குறிப்பதில் காற்றைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் வாடைக் காற்றுக் காலத்தில்தான் கடல் குழம்பிப் படகுகள் கரையில் கிடக்கும், அப்போதுதான் ஆள்கள் இருப்பார்கள். ஆனால் அது மழைக்காலம், திறந்த வெளியில் கூரையில்லாமல் எதுவும் செய்ய முடியாது. பொங்கல் கழிந்து மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையைத் தேர்ந்தோம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தோம். சாப்பாடு மரக்கறிதான், கோவில் விரதக்காரரும் நானாவின் வீட்டுக்காரரும் ஒரே பந்தியில் இருக்கலாம். மண்டபம் எடுக்கவில்லை, பெரிய வாடி ஒன்றைக் கூட்டித் துப்புரவாக்கினோம்.

பிரதம விருந்தினர் விஷயம் வராமல் இருக்குமா? ஒரு பெரிய மனிதரை அழைக்காவிட்டால் பிறகு அனுமதி, உதவி என்று போகும்போது முகம் கொடுக்க மாட்டார் என்றார்கள். அழைத்தோம். முன்வரிசையில் கதிரை உண்டு, மைக் இல்லை என்று முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிட்டோம். அவர் வரவில்லை. பதாகையில் தன் கடைப் பெயரைப் பெரிதாகப் போடக் கேட்ட ஒருவர் தருவதாகச் சொன்ன காசைத் தரவில்லை. செலவைக் குறைத்தோம், பதாகையே அடிக்கவில்லை. எங்கள் குழுவில் இருந்த ஒருவருடைய சிற்றப்பாவும் கெட்டிக்கார மெக்கானிக்தான். குழுவில் இருப்பவர் வீட்டு ஆள் பட்டியலில் வரக் கூடாது என்று ஒதுக்கினோம். அவர் இன்றுவரை என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

பரிசுக்கு வீட்டுக்காரரிடம் இரகசியமாக விசாரித்தோம். ஐயாவுக்குக் கண் மங்கல், நெற்றியில் மாட்டுகிற விளக்கும் பூதக்கண்ணாடியும். நானாவுக்கு லேத்தில் வைத்து அளக்கிற டயல் கேஜ். அக்காவுக்கு பேணிகளை அடுக்க இரும்பு றாக்கை. பொன்னாடை வேண்டாம் என்று நான் உறுதியாக இருந்தேன். அதற்கு மறுப்புச் சொன்னவர் ஐயாவின் மனைவி. "எத்தினை பேருக்குப் போர்த்தினதைப் பாத்துக்கொண்டு இருந்தவர் தம்பி, அவருக்கு ஒருக்கா போர்த்தினா என்ன?" அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது, மூன்று பொன்னாடை வாங்கினோம். போர்த்தியவர்கள் மட்டும் அவர்களால் கரை சேர்ந்த படகுக்காரர்கள்.

அன்றைக்குப் பேசியவர்கள் எல்லோரும் சுருக்கமாகவே பேசினார்கள், ஏனென்றால் கடலில் நின்ற நாளை மட்டும் சொல்லச் சொல்லியிருந்தோம். அதன்பின் ஐயாவும் நானாவும் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார்கள். இருவரும் ஒரு விஷயத்தில் சண்டையும் பிடித்தார்கள், கார்புரேட்டரைக் கழுவப் பெற்றோலா மண்ணெண்ணெயா என்று. பெடியள் அதையும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அக்காவின் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அச்செடுத்தோம். அசல் அவரிடமே இருக்கிறது, ஒரு பிரதி வாடியில், ஒரு பிரதி நானாவின் பட்டறையில். அசலை வாங்கி எங்காவது கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை, அவர் இன்னும் அதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாடைக்கு யார் என்பதில் இப்போதே இழுபறி. சாமான் தட்டுப்பாடான காலத்தில் கடனுக்குக் கொடுத்த ஒரு கடைக்காரரின் பெயர் பல படகுக்காரர் வாயில் வருகிறது. கூட விலை வைத்துத்தானே கொடுத்தார் என்கிறது ஒரு பக்கம், அவர் கொடுக்காவிட்டால் படகே இறங்கியிராது என்கிறது மற்றப் பக்கம். அந்த நாளில் அவரிடம் கடன்பட்டிருந்தவர்களிடமே போய்க் கேட்போம் என்று பெடியள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஊர்களுக்குப் போயிருக்கிறார்கள். குச்சவெளிப் பக்கம் போனவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.